விசா யார் பேரில் எடுக்கணும்? அவருக்கு சிங்கப்பூர், எனக்கு பிரிட்டன், போறது ரெண்டு பேரும்

நடைபழகு

வணக்கம். மூணு வாரத்துக்குள்ள பதில் சொல்லியாகணும், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். பக்கவாதம் வந்தவங்க, இடுப்பு மூட்டு மாத்தினவங்க, இவங்களை மறுபடி நடக்க வைக்கிறதுதான் ஏழு வருஷமா என் வேலை. கணவர் சாஃப்ட்வேர் டெஸ்டிங், ஆட்டோமேஷன் பக்கம், ஒன்பது வருஷ அனுபவம். கல்யாணமாகி மூணு வருஷம். குழந்தைகள் இல்லை.

ஒரே மாசத்துல ரெண்டு ஆஃபர் வந்திருக்கு. அவருக்கு சிங்கப்பூர்ல, எம்ப்ளாய்மென்ட் பாஸ்ங்கற வேலை அனுமதி. எனக்கு டிபென்டன்ட்ஸ் பாஸ், அதாவது கூடப் போற துணைவருக்கான அனுமதி, எடுத்துத் தர்றதா கம்பெனி சொல்லுது. எனக்கு இங்கிலாந்துல ஒரு பொது மருத்துவமனை, லண்டனுக்கு வெளியே. ஹெல்த் அண்ட் கேர் வொர்க்கர் விசா, என்ஹெச்எஸ்ங்கற அவங்க அரசு மருத்துவச் சேவையோட சம்பளப் படிநிலையில பேண்ட் 5. ஏழு வருஷ அனுபவத்துக்கு அடுத்த படியான பேண்ட் 6 கேட்டுப் பார்த்தேன், பிரிட்டன்ல வேலை பார்த்ததில்லைன்னு தரலை. அங்க பிசியோவா வேலை செய்யத் தேவையான ஹெச்சிபிசி தொழில் பதிவு போன வருஷமே வாங்கிட்டேன். அதுக்கு ஒவ்வொரு பாடத்தோட மணிக்கணக்கையும் கல்லூரியில எழுதி வாங்கி அனுப்பி, பல மாசம் ஆச்சு.

அவர் ஆஃபர்ல சம்பளம் என்னுதை விட ரெண்டு மடங்குக்கு மேல. வீட்டுல கேட்டா எல்லாரும் ஒரே பதில்: "பெரிய சம்பளம் எங்கேயோ அங்கே போங்க, நீ அங்க போய் தேடிக்கலாம்." அவர் அப்படிச் சொல்லலை. "உனக்கு எது சரின்னு படுதோ அதுக்கு நான் வர்றேன்"னு சொல்றார். அந்த வார்த்தைதான் எனக்கு பாரமா இருக்கு. ஒன்பது வருஷமா உழைச்ச மனுஷனை என் பின்னால அழைச்சிட்டுப் போய் வேலையில்லாம உட்கார வெச்சிடுவேனோன்னு பயம்.

டிபென்டன்ட்டா போனவங்க, டிபென்டன்ட்டை அழைச்சிட்டுப் போனவங்க யாராவது இருந்தா, உங்களுக்கு நடந்ததைச் சொல்லுங்க. இணையத்துல ஏஜென்சிகள் போடற பக்கங்கள் எல்லாம் படிச்சாச்சு. அதுல மெயின் அப்ளிகன்ட் பத்தி பத்து பத்தி இருக்கு, கூடப் போறவங்களுக்கு ஒரே வரி.

மாதக்கடைசி

சகோதரி, சிங்கப்பூர் பக்கம் மட்டும் சொல்றேன், ஆறு வருஷம் அங்க இருந்தவன்.

டிபென்டன்ட்ஸ் பாஸ் எடுக்க உங்க கணவரோட மாதச் சம்பளம் குறைஞ்சது 6,000 சிங்கப்பூர் டாலர் இருக்கணும், அது இருக்கும்னு நினைக்கிறேன். ஆனா அந்த பாஸை வெச்சு வேலை செய்ய முடியாது. முன்னாடி லெட்டர் ஆஃப் கன்சென்ட்னு ஒண்ணு வாங்கிட்டு டிபென்டன்ட் வேலைக்குப் போகலாம். 2021 மே 1-ல இருந்து அது நின்னு போச்சு, சொந்தத் தொழில் நடத்தறவங்களுக்கு மட்டும் இன்னும் இருக்கு. மத்தவங்க தனக்குன்னு ஒரு வேலை பாஸ் எடுத்தாகணும். அதாவது உங்களை ஒரு முதலாளி தனியா ஸ்பான்சர் பண்ணணும். 2023 செப்டம்பர்ல இருந்து எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு தகுதிக்குப் புள்ளி போட்டுப் பார்க்கற காம்பஸ் முறையும் வந்துடுச்சு.

என் மனைவி கணக்காளர். எட்டு மாசம் தேடி எஸ் பாஸ்ல, அதாவது எம்ப்ளாய்மென்ட் பாஸுக்கு அடுத்த நிலை வேலை பாஸ்ல, சேர்ந்தாங்க. நடக்காத காரியம் இல்லை. சம்பளம் பெரிசு, வருமான வரியும் குறைவு, சேமிப்புன்னு பார்த்தா சிங்கப்பூருக்குத்தான் என் ஓட்டு. ஒரு விஷயம் முக்கியம்: அலைட் ஹெல்த் புரொஃபஷன்ஸ் கவுன்சில் பதிவு இல்லாம அங்க பிசியோவா வேலை செய்ய முடியாது. அங்க போயிட்டுப் பார்த்துக்கலாம்னு விடாம, இப்பவே உங்க பட்டம் அவங்க பட்டியல்ல இருக்கான்னு பாருங்க.

இரண்டாம் பெயர்

உங்க கேள்வியைப் படிச்சிட்டு ரெண்டு நாள் கழிச்சுத்தான் எழுத உட்கார்ந்தேன். நான் அந்த "ஒரே வரி"யில அஞ்சு வருஷம் இருந்தவ.

2012-ல கணவரோட அமெரிக்கா போனேன். அவருக்கு ஹெச்-1பி வேலை விசா, எனக்கு அதோட துணைவர் விசாவான ஹெச்-4. நான் நுண்ணுயிரியல் படிச்சு ஒரு நோயறிதல் ஆய்வகத்துல வேலை பார்த்துட்டு இருந்தவ. ஹெச்-4ல வேலை செய்யக்கூடாதுன்னு தெரியும். தெரிஞ்சுதான் போனேன். ரெண்டு வருஷத்துல மாறிடும், படிக்கலாம், ஏதாவது வழி வரும்னு நினைச்சோம். வேலை செய்யக்கூடாதுங்கறது தினசரி வாழ்க்கையில என்னவா இருக்கும்னு மட்டும் தெரியாம போனேன். வேலை அனுமதி இல்லாததால, அங்க எல்லாத்துக்கும் கேட்கற சோஷியல் செக்யூரிட்டிங்கற அரசு அடையாள எண் கிடையாது. எண் இல்லாததால என் பேர்ல கடன் வரலாறு கிடையாது. வாடகை ஒப்பந்தம், மின் இணைப்பு, கார், எல்லாம் அவர் பேர். ஒரு மருத்துவமனை ஆய்வகத்துல சம்பளம் இல்லாமலாவது வர்றேன்னு கேட்டேன். மத்தவங்க சம்பளம் வாங்கிச் செய்யற வேலையை நீங்க இலவசமா செஞ்சாலும் அது வேலைதான், அனுமதிக்க முடியாதுன்னு மரியாதையா சொல்லி அனுப்பினாங்க. அவங்க சொன்னது சட்டப்படி சரி. வீட்டுக்கு வந்து அன்னிக்கு ரொம்ப நேரம் அழுதேன்.

2015 மே 26-ல ஹெச்-4 துணைவர்கள் வேலை அனுமதி அட்டை வாங்கலாம்னு விதி வந்துது. எல்லாருக்கும் இல்லை. கணவரோட கிரீன் கார்டு மனுவுல ஐ-140ங்கற கட்டம் அங்கீகாரம் ஆகியிருக்கணும், இல்லேன்னா ஆறு வருஷ வரம்பைத் தாண்டி அவருக்கு ஹெச்-1பி நீட்டிப்பு கிடைச்சிருக்கணும். அவர் கம்பெனி அந்த மனுவை "அடுத்த காலாண்டு, அடுத்த காலாண்டு"ன்னு தள்ளிக்கிட்டே போச்சு. நான் வேலைக்குப் போறது என் திறமையையோ, என் தேடலையோ பொறுத்தது இல்லை. நான் பார்த்தே இராத ஒரு மேலாளர் ஒரு படிவத்துல எப்ப கையெழுத்து போடறார்ங்கறதைப் பொறுத்ததா இருந்துது. 2017-ல கிடைச்சது. நாலு வருஷம் ஆய்வகத்துல நல்லா வேலை பார்த்தேன். 2021-ல புதுப்பிக்கப் போட்டேன். அட்டை முடியறதுக்கு 180 நாளுக்கு முன்னாடி விண்ணப்பிக்க விடமாட்டாங்க, அவங்க பரிசீலிக்க எடுத்துக்கிட்டது அதைவிட அதிகம். அட்டை காலாவதி ஆன அன்னிக்கு மேசையைக் காலி பண்ணிட்டு வந்தேன். ஏழு மாசம் கழிச்சு புது அட்டை வந்தப்போ அந்த இடத்துல வேற ஆள்.

இதுல நான் உங்களுக்குச் சொல்ல வர்றது அமெரிக்கா வேண்டாம்னு இல்லை. அதே நாட்டுல, என் கணவர் ஹெச்-1பிக்கு பதிலா கம்பெனி மாற்றலா எல்-1ல போயிருந்தா நான் எல்-2. 2021 நவம்பர்ல இருந்து எல்-2 துணைவர் தனி அட்டை இல்லாமலே வேலை செய்யலாம், அந்த அந்தஸ்தே அனுமதி. கம்பெனியும் சம்பளமும் அப்படியே இருக்க, விசாவோட எழுத்து மட்டும் மாறியிருந்தா என் வாழ்க்கை வேற. அந்த எழுத்தைப் பத்தி நாங்க கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு சாயங்காலம் கூட உட்கார்ந்து பேசலை. சம்பளத்தைப் பத்தி ஒரு மாசம் பேசினோம்.

அதனால தம்பதியா போறவங்க ஆஃபர் லெட்டரை வெச்சு ஒப்பிடறதுக்கு முன்னாடி, ரெண்டாவது ஆளோட அட்டையில என்ன அச்சடிச்சு வரும்னு கண்டுபிடிச்சு அதை ஒரு காகிதத்துல எழுதணும்னு நான் நினைக்கிறேன். நெதர்லாந்துல திறன்மிகு பணியாளரோட துணைவர் அட்டையில "வேலைக்குத் தடையில்லை, தனி அனுமதி தேவையில்லை"ன்னு டச்சு மொழியில நேரடியா எழுதியிருக்கும். அயர்லாந்துல கிரிட்டிக்கல் ஸ்கில்ஸ் அனுமதி வெச்சிருக்கறவங்க துணைவருக்கு ஸ்டாம்ப் 1ஜி, அதுல வேலை செய்யலாம். ஜப்பான்ல குடும்பத் தங்கல் அந்தஸ்துன்னா அனுமதி வாங்கிட்டு வாரத்துக்கு 28 மணி நேரம்தான். கனடாவுல 2025 ஜனவரி 21-ல இருந்து சுருக்கிட்டாங்க. முதன்மை ஆள் உயர்திறன் வேலையில இருக்கணும், இல்லேன்னா அதுக்கு அடுத்த நிலையில அவங்க குறிப்பிட்ட சில வேலைகள்ல இருக்கணும். அவர் அனுமதியில குறைஞ்சது 16 மாசம் மீதியும் இருக்கணும். அப்பத்தான் துணைவருக்கு திறந்த அனுமதி. இப்படி நாட்டுக்கு நாடு, விசாவுக்கு விசா மாறும். ரெண்டு வருஷத்துக்கு முந்தின பதிவைப் படிச்சு முடிவெடுக்காதீங்க. அரசாங்கத்தோட சொந்தப் பக்கத்துல, இன்னைய தேதிக்கு என்ன இருக்குன்னு பாருங்க.

இனி உங்க விஷயம். உங்க ரெண்டு பேர் தொழிலும் ஒரே மாதிரி இல்லை. உங்களுக்கு ரெண்டு பூட்டு: விசாவுல வேலை செய்யற உரிமை ஒண்ணு, தொழில் பதிவு இன்னொண்ணு. டிபென்டன்ட்டா போய் உரிமை கிடைச்சாலும் பதிவு இல்லாம ஒரு நோயாளியைத் தொட முடியாது. உங்க கணவருக்கு ஒரே பூட்டுதான். டெஸ்டிங் வேலைக்கு எந்தக் கவுன்சிலும் பதிவு கேட்காது. அவருக்கு வேண்டியது யாரோட ஸ்பான்சரும் இல்லாம வேலை பார்க்கற உரிமை. பிரிட்டன்ல உங்க விசாவோட துணைவருக்கு அது முதல் நாளே முழுசா இருக்கு. தொழில்முறை விளையாட்டு வீரரா மட்டும் வேலை செய்யக்கூடாது, மத்தபடி எந்த வேலையும், எந்த முதலாளிகிட்டயும், சுயதொழிலும். இடையில ரெண்டு விதி வந்தது, அதைப் பார்த்து குழம்பாதீங்க: 2024 மார்ச் 11-ல இருந்து பராமரிப்புப் பணியாளர்கள் புதுசா குடும்பத்தை அழைச்சிட்டு வர முடியாது, 2025 ஜூலை 22-ல இருந்து பட்டப்படிப்பு நிலைக்குக் கீழே உள்ள வேலைகளுக்கு புதுசா வர்றவங்களுக்கும் அதே கதி. பிசியோதெரபி பட்ட நிலை வேலை. உங்களைத் தொடாது.

இப்ப சிங்கப்பூரை அதே காகிதத்துல எழுதிப் பாருங்க. அங்க நீங்க டிபென்டன்ட். பதிவும் கையில இல்லை, வேலை உரிமையும் இல்லை. ரெண்டு பூட்டும் போட்டபடியே இருக்கு. பிரிட்டன்ல உங்க ரெண்டு பூட்டும் ஏற்கெனவே திறந்தாச்சு, அவரோட ஒரு பூட்டு உங்க விசாவோட சேர்ந்தே திறக்குது. சம்பளம் எதுல அதிகம்னு கேட்டா சிங்கப்பூர். ரெண்டு பேரும் தன் தொழில்ல இருக்கற வாய்ப்பு எதுல அதிகம்னு கேட்டா எனக்கு சந்தேகமே இல்லை.

எங்க கதையோட மிச்சம்: 2022-ல நாங்க ஜெர்மனிக்கு மாறினோம். இந்தத் தடவை ப்ளூ கார்டு, அதாவது பட்டம் படிச்சவங்களுக்கான வேலை அனுமதி, என் பேர்ல. அறிவியல் ஆய்வக வேலை, பற்றாக்குறைப் பட்டியல்ல இருக்கற துறை. அவர் துணைவரா வந்தார். ப்ளூ கார்டுங்கறதால துணைவருக்கு ஜெர்மன் மொழித் தேர்வு கேட்கலை, அட்டையில எந்த வேலையும் செய்யலாம்னு இருந்துது. அஞ்சு மாசத்துல வேலை கிடைச்சுது. அடுத்த வருஷமே வேற கம்பெனிக்கு மாறினார், யாருக்கும் ஒரு கடிதம் எழுத வேண்டியிருக்கலை. கட்டுப்பட்டிருந்தது நான். 21 மாசத்துல ஜெர்மன் மொழியில பி1 நிலை முடிச்சு நிரந்தரக் குடியிருப்பு அனுமதி வாங்கினேன். இரவு வகுப்புக்குப் போயிட்டு வந்து அவர் சமைச்சதைச் சாப்பிட்டுத் தூங்கின அந்த 21 மாசம் கஷ்டம்தான், ஆனா அது என் கஷ்டம், நானே தேர்ந்தெடுத்தது.

நீங்க கேட்காத ஒண்ணையும் சொல்லிடறேன். கல்யாணம் நல்லா இருக்கறப்போ இதை யாரும் யோசிக்க மாட்டாங்க. டிபென்டன்ட் விசா உறவோட கட்டப்பட்டது. ஜெர்மனியில துணைவருக்குத் தனி உரிமை வர, அந்த நாட்டுல மூணு வருஷம் சேர்ந்து வாழ்ந்திருக்கணும். வன்முறை மாதிரி கடுமையான நிலைமைகளுக்கு விதிவிலக்கு உண்டு. உங்க ரெண்டு பேருக்குள்ள எதுவும் நடக்கும்னு நான் சொல்லலை. நான் ஆய்வகத்துல கூட வேலை பார்த்த ஒரு பெண்ணுக்கு நடந்தது, அவளுக்கு விதி தெரியாததால ரெண்டு வருஷம் பொறுத்துக்கிட்டு இருந்தா. எந்த நாடா இருந்தாலும் இந்த ஒரு பத்தியைப் படிச்சு வெச்சுக்கோங்க. நீங்களும், அவரும்.

நடைபழகு

அக்கா, ரெண்டு தடவை படிச்சேன். ரெண்டு பூட்டு, ஒரு பூட்டுன்னு நீங்க எழுதினதை அவருக்கு வாசிச்சுக் காட்டினேன். அவர் ரொம்ப நேரம் பேசாம இருந்துட்டு, "அப்ப நான்தான் லேசான பெட்டி"ன்னார். வருத்தமா சொல்லலை, புரிஞ்சுகிட்டுத்தான் சொன்னார்.

இன்னும் ரெண்டு கேள்வி. அவருக்கு வேலை கிடைக்கிற வரைக்கும் பேண்ட் 5 சம்பளத்துல ரெண்டு பேர் இருக்க முடியுமா? அங்க கம்பெனிகள் டிபென்டன்ட் விசாவுல இருக்கற ஆண்களை எப்படிப் பார்க்கறாங்க? அவர் வெளியே சொல்லாத கவலை அதுதான்னு எனக்குத் தெரியும்.

கூடவந்தவன்

இந்தக் கேள்விக்கு நான் பதில் சொல்லணும். என் மனைவி செவிலியர், பிரிட்டன்ல அதே விசா, 2021. நான் டேட்டா அனலிஸ்ட். 14 மாசம் கழிச்சு டிபென்டன்ட்டா வந்தேன்.

முதல்ல அந்த 14 மாசத்தைப் பத்தி. என் வேலையில ஒரு புராஜெக்ட் முடியட்டும்னு தள்ளிப் போட்டோம். நிரந்தரக் குடியிருப்புக்கு அஞ்சு வருஷக் கணக்கு ஒவ்வொருத்தருக்கும் அவரவர் வந்ததுல இருந்துதான் ஓடும்னு அப்ப எங்களுக்கு உறைக்கலை. அவங்க கணக்கு முடியறப்போ என்னுது 14 மாசம் பின்னால நிக்குது. நடுவுல 2025-ல அரசாங்கம் அந்த அஞ்சை பத்தாக்கற முன்மொழிவு கொண்டுவந்ததும், ஒரே வீட்டுல ஒருத்தர் கரையேறி இன்னொருத்தர் தண்ணியில நிக்கற மாதிரி ஆயிடுமோன்னு எத்தனை ராத்திரி பேசியிருப்போம். ரெண்டு பேரும் ஒண்ணா விண்ணப்பிச்சு ஒண்ணா வாங்க. உங்க விசா முடியற தேதியிலயே அவருதும் முடியும், புதுப்பிக்கறதும் ஒரே தடவையில ஆகும்.

பணத்துக்கு வர்றேன். 2025-26 அட்டவணைப்படி பேண்ட் 5 ஆரம்பம் வருஷத்துக்கு 31,049 பவுண்டு. லண்டனுக்கு வெளியேன்னா ரெண்டு பேர் ஒரு படுக்கையறை வீட்டுல இருக்கலாம், சேமிப்பு இருக்காது. ஆனா உங்க விசாவுல ஒரு பெரிய சலுகை இருக்கு: விசாவோட சேர்த்துக் கட்டற இமிக்ரேஷன் ஹெல்த் சர்சார்ஜ்ங்கற மருத்துவக் கட்டணம் கிடையாது, உங்களுக்கும் இல்லை, உங்க கணவருக்கும் இல்லை. மத்த ஸ்கில்டு வொர்க்கர்கள் பெரியவங்க ஒருத்தருக்கு வருஷம் 1,035 பவுண்டு கட்டறாங்க. மூணு வருஷத்துக்கு ரெண்டு பேர்னா 6,210 பவுண்டு, முன்கூட்டியே. அந்தத் தொகை உங்க கையில மிச்சம். உங்களுக்கு 1,270, அவருக்கு 285 பவுண்டு வங்கியில 28 நாள் காட்டணும்னு ஒரு விதி இருக்கு. மருத்துவமனை உங்க ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ்லயே பராமரிப்பை, அதாவது உங்க ஆரம்பச் செலவைப் பார்த்துக்கறதை, உறுதி பண்ணிட்டா அதுவும் வேண்டாம். ரெண்டு பேருக்கும் சேர்த்து உறுதி பண்றாங்களா, உங்களுக்கு மட்டுமான்னு எழுத்துல கேளுங்க. எங்களுக்கு மனைவிக்கு மட்டும்தான் பண்ணியிருந்தாங்க.

ஒப்பந்தத்துல இன்னொரு இடத்தை விரல் வெச்சுப் படிங்க. குறிப்பிட்ட காலத்துக்குள்ள வேலையை விட்டா இடமாற்றச் செலவைத் திருப்பித் தரணும்னு ஒரு உட்பிரிவு இருக்கும். எவ்வளவு, எத்தனை மாசத்துக்கு, மாசா மாசம் குறையுமான்னு பாருங்க. வெளிநாட்டு ஆளை ஸ்பான்சர் பண்றதுக்கான இமிக்ரேஷன் ஸ்கில்ஸ் சார்ஜ்ங்கற கட்டணத்தை உங்க தலையில கட்ட அவங்களுக்கு உரிமையே இல்லை, அது முதலாளி கட்ட வேண்டியது.

இனி உங்க கணவர் கவலை. நான் அனுப்பின முதல் முப்பது விண்ணப்பத்துக்கு ஒரு பதிலும் வரலை. வெளிநாட்டு அனுபவம்னு பார்த்ததும், இவனுக்கு ஸ்பான்சர் பண்ணணும்னு நினைச்சு ஓரம் வெச்சிருக்காங்க. நூலகத்துல சிவி பார்த்துக் கொடுக்கற ஒரு அம்மா, "நீ வேலை செய்ய முழு உரிமை இருக்கறவன்னு எங்கயுமே எழுதலையே"ன்னு கேட்டாங்க. பேருக்குக் கீழேயே ஒரு வரி சேர்த்தேன்: பிரிட்டன்ல வேலை செய்ய முழு உரிமை உண்டு, ஸ்பான்சர்ஷிப் தேவையில்லை. அடுத்த வாரமே ரெண்டு அழைப்பு. முதலாளி பக்கத்துல இருந்து யோசிங்க. 2025 ஜூலைக்கு அப்புறம் ஒரு ஸ்கில்டு வொர்க்கரை எடுக்கணும்னா பொதுவா வருஷத்துக்கு 41,700 பவுண்டு சம்பளம் தரணும், ஸ்பான்சர் லைசென்ஸ் வேணும், கட்டணம் கட்டணும். உங்க கணவரை எடுக்க இதெல்லாம் எதுவும் வேண்டாம். ஷேர் கோடு ஒண்ணு கொடுத்தா அவங்க இணையத்துல சரிபார்த்துக்குவாங்க. இப்ப எல்லாமே இ-விசாதான்.

எனக்கு வேலை கிடைக்க அஞ்சு மாசம் ஆச்சு. அந்த அஞ்சு மாசத்துல கஷ்டமானது பணம் இல்லை. அவங்க பன்னிரண்டு மணி நேர ஷிஃப்ட் முடிச்சு வர்றப்போ நான் வீட்டுல இருந்தே "இன்னிக்கு என்ன பண்ணினே"ங்கற கேள்வி வந்துடுமோன்னு பயந்துட்டு இருந்தேன். அவங்க ஒரு நாள் கூட கேட்கலை. நானே ஒரு நாள் சொல்லி அழுதேன். கிளம்பறதுக்கு முன்னாடி ரெண்டு பேரும் ஒரு கெடு வெச்சுக்கோங்கன்னு சொல்வேன்: ஆறு மாசம் வரைக்கும் அவர் தன் தொழில்லயே தேடுவார், அதுக்குள்ள யாரும் அவசரப்படுத்தக் கூடாது, அவரும் தன்னை அவசரப்படுத்திக்கக் கூடாது. அந்த ஆறு மாச வாடகையை இப்பவே தனியா எடுத்து வைங்க.

புள்ளிக்கணக்கு

மூன்றாவது பாதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வேலை விசாவே இல்லாமல், ஆஸ்திரேலியாவின் 189, 190 போன்ற புள்ளி அடிப்படையிலான விசாக்களில் போனால் இருவருக்கும் முதல் நாளிலிருந்தே நிரந்தரக் குடியிருப்பு. யார் முதன்மை, யார் துணை என்ற பேதம் வேலை உரிமையில் கிடையாது. அங்கேயும் இரண்டு விதமாகவும் கணக்கு போட்டுப் பார்க்க வேண்டும். துணைவர் 45 வயதுக்குக் கீழே இருந்து, அவருக்கும் திறன் மதிப்பீடும் போதிய ஆங்கிலமும் இருந்தால் 10 புள்ளி சேரும். ஆங்கிலம் மட்டும் என்றால் 5. நாங்கள் என் பெயரில் போட்டபோது தேறாத கணக்கு, மனைவியை முதன்மையாக்கியதும் தேறியது. கனடாவின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி என்ற புள்ளி முறையிலும் துணைவருக்கு அதிகபட்சம் 40 புள்ளி. வேலை ஆஃபருக்குத் தந்துவந்த புள்ளிகளை 2025 மார்ச் 25 முதல் எடுத்துவிட்டார்கள்.

காலம் பிடிக்கும். உங்கள் மூன்று வாரக் கெடுவுக்கு இது விடையாகாது. ஆனால் எந்த நாட்டுக்குப் போனாலும் இருவரும் ஆங்கிலத் தேர்வு எழுதி வைத்துக்கொள்ளுங்கள், துணையாகப் போகிறவரும். அந்த மதிப்பெண் பட்டியல் பிறகு ஒரு நாள் வேறொரு கதவுக்கு உதவும்.

மாதக்கடைசி

மேலே எழுதினதைப் படிச்சதும் என் பதிலைத் திருத்திக்கறேன். நான் சேமிப்பை மட்டும் வெச்சுச் சொல்லிட்டேன். என் மனைவிகிட்ட இந்தப் பதிவைக் காட்டினேன். அந்த எட்டு மாசத்தைப் பத்தி, அவங்க இதுவரைக்கும் எங்கிட்ட சொல்லாத சிலதை நேத்து சொன்னாங்க.

இரண்டாம் பெயர்

நடைபழகு, இன்னும் ஒண்ணே ஒண்ணு. உங்க பேர்ல விசா எடுத்தா கட்டுப்படப் போறது நீங்க. வேலை போனாலோ நீங்களே விட்டாலோ ஸ்பான்சர் தகவல் கொடுத்ததுக்கு அப்புறம் பொதுவா 60 நாள் கெடு கொடுப்பாங்க. அந்த நாள் உங்களோடது மட்டும் இல்லை, அவரோடதும்தான். அவர் நல்ல வேலையில இருந்தாலும் உங்க விசாவோட அவருதும் போகும். வேற மருத்துவமனைக்கு மாறணும்னாலும் புது விண்ணப்பம் அங்கீகாரம் ஆன பிறகுதான் அங்க சேர முடியும். அதனால அவர் வேலையில ஊன்றினதும், அவர் கம்பெனி அவரை ஸ்பான்சர் பண்ணத் தயாரா இருக்குமான்னு கேட்டு வெச்சுக்கச் சொல்லுங்க. தேவைப்படாம போகலாம். ஆனா ரெண்டு பேர் எடையையும் ஒரே கயிறு தாங்கறப்போ, இன்னொரு கயிறு எங்க கிடைக்கும்னு தெரிஞ்சிருக்கணும்.

அப்புறம், "உனக்கு எது சரின்னு படுதோ அதுக்கு நான் வர்றேன்"னு அவர் சொன்னது பாரமா இருக்குன்னு எழுதியிருந்தீங்க. 2012-ல நானும் இதே வார்த்தையைத்தான் என் கணவர்கிட்ட சொன்னேன். அவர் சந்தோஷமா எடுத்துக்கிட்டார், திருப்பி ஒரு கேள்வி கேட்கலை. நீங்க கேளுங்க. வேலை இல்லாம எத்தனை மாசம் உங்களால தாங்க முடியும், எந்த மாதிரி வேலைக்குக் கீழே இறங்க மாட்டீங்க, என்ன நடந்தா திரும்பிப் போகலாம்னு நினைப்பீங்க. பதிலை எழுதி வாங்கிக்கோங்க, உங்க பதிலையும் எழுதிக் கொடுங்க.

நடைபழகு

எல்லாருக்கும் நன்றி. பத்து நாள் கழிச்சு எழுதறேன்.

அக்கா சொன்ன மூணு கேள்வியையும் ரெண்டு பேரும் தனித்தனியா எழுதினோம். அவர் "எட்டு மாசம்"னு எழுதியிருந்தார், நான் அவருக்காக "நாலு மாசம்"னு எழுதியிருந்தேன். நான் அவரை அவரே நினைக்கறதை விட பலவீனமா நினைச்சிருக்கேன். அவர் காகிதத்துல கடைசி வரி: "நீ நோயாளியைப் பார்க்காம ஒரு வருஷம் இருந்தா நான் தாங்க மாட்டேன்." சிங்கப்பூர் கம்பெனிக்கு அவரே மறுப்புக் கடிதம் அனுப்பிட்டார்.

மருத்துவமனைக்கு எழுதிக் கேட்டேன். ரெண்டு பேருக்கும் சேர்த்து பராமரிப்பு உறுதி தர்றாங்க. திருப்பிச் செலுத்தற உட்பிரிவு ரெண்டு வருஷம், மாசா மாசம் குறையும்னு எழுத்துல வந்துடுச்சு. 2026 ஜனவரி 8-ல இருந்து ஆங்கிலம் பி2 நிலை கேட்கறாங்க, எனக்கு ஏற்கெனவே அதுக்கு மேல இருக்கு. அவரும் அடுத்த மாசம் தேர்வுக்குப் பதிவு பண்ணிட்டார், புள்ளிக்கணக்கு ஐயா சொன்னதுக்காக.

கூடவந்தவன் அண்ணா, ஒரு சின்ன சந்தேகம். ஸ்பான்சர்ஷிப் சான்றிதழ் கொடுத்த நாள்ல இருந்து மூணு மாசத்துக்குள்ள விண்ணப்பிக்கணும்னு பார்த்தேன். இவர் இங்க நோட்டீஸ் பீரியட் மூணு மாசம். சான்றிதழைக் கொஞ்சம் தாமதமா தரச் சொல்லிக் கேட்கலாமா, இல்லை சீக்கிரமே விண்ணப்பிச்சிட்டு பயணத் தேதியைத் தள்ளி வைக்கறது நல்லதா?

கூடவந்தவன்

தாமதமா தரச் சொல்லியே கேளுங்க தங்கச்சி. சான்றிதழ்ல வேலை ஆரம்பிக்கற தேதி எழுதியிருக்கும், அந்தத் தேதியே அவர் நோட்டீஸ் முடிஞ்சு ரெண்டு மூணு வாரம் கழிச்சு இருக்கற மாதிரி கேளுங்க. வெளிநாட்டுல இருந்து போடற விண்ணப்பத்துக்கு வழக்கமா மூணு வாரத்துல முடிவு வந்துடும், அதனால நேரம் இருக்கு. அவரை நோட்டீஸ் இன்னிக்கே கொடுக்கச் சொல்லாதீங்க. சான்றிதழ் எண் கையில வந்த பிறகு கொடுக்கட்டும்.